58 வயதில் என்ன ‘தூரம்’?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் மூன்று வருடத்துக்குள் மூன்று பேர் புற்றுநோயில் போய்விட்டார்கள். ஒருவருக்கு வாயில், ஒருவருக்கு வயிற்றில், பெரியம்மாவுக்கு மார்பில். தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். தை மாதம் குலதெய்வம் கும்பிடப் போன இடத்திலும் (58 வயது அம்மா மட்டும் தூரம் என்று வரவில்லை) இதே பேச்சு. எங்கள் பக்கம் இந்த நோய் அதிகமா? வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னைக்கே அழைத்து வந்துவிடலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, தண்ணீர் இருக்கட்டும். 58 வயதில் என்ன தூரம்? அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று எத்தனை வருடம் ஆகிறது? உங்களுக்குத் தெரியாது. நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது தீட்டு இல்லை, ரத்தப்போக்கு. கர்ப்பப்பையிலோ அதன் வாயிலோ புற்றுநோய் வந்த பல பெண்களுக்கு அதுதான் முதல் அடையாளம். வேறு காரணமும் இருக்கலாம். பரிசோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. தை மாதம் நடந்ததை அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதுகிறீர்கள்!

வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் புகையிலை காரணம். வயிற்றுக்கு வேறு, மார்புக்கு வேறு. இந்த மூன்றை வைத்து ஒரு கிணற்றின் மேல் பழி போட முடியாது. சென்னைக்கு வந்தால் தப்பிக்கலாம் என்பதும் வீண். அடையாறு புற்றுநோய் மையம் 1982 முதல் சென்னைக்குக் கணக்கு வைத்திருக்கிறது. அன்று பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்று முதலிடம். இன்று மார்பகம் முதலிடம், கர்ப்பப்பை வாய் இரண்டாவது. ஆண்களுக்கு வயிறு, வாய், நுரையீரல்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து அம்பிளிக்கையைத் தெரியுமல்லவா? 2000-ல் அங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். வினிகரில் இருக்கும் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, வெளுக்கும் இடத்தை நர்ஸே பார்த்துச் சொல்லும் எளிய சோதனை. 31,000-க்கும் அதிகமான பெண்கள் வந்தார்கள். சோதனை நடக்காத கிராமங்களைவிட அந்தக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியானது. ஆனால் அழைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வரவேயில்லை. அப்போது உங்கள் அம்மாவுக்கு முப்பது சொச்சம் வயது. போனாரா என்று கேளுங்கள்.

எனக்கு வரும் கடிதங்களில் இந்த அம்மாக்களை நிறையப் பார்த்துவிட்டேன். பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். அலசி, கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார்கள். மகன் கண்ணில் படக்கூடாதாம். மகனும் பார்க்காததுபோல் இருந்துவிடுவதற்குப் பெயர் மரியாதையாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்றவள் உடம்பைப் பற்றிக் கேட்கக் கூசுகிற மகன் அவளுக்கு எத்தனை பெரிய வீடு பார்த்து வைத்தாலும் கடமை தீராது. ‘வரமாட்டேன் என்கிறார்’ என்றும் எழுதாதீர்கள். கூப்பிட்டீர்களா?

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுங்கள். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு போனில் விசாரிக்கிற வேலை வேண்டாம். பெண்கள் நோய் பார்க்கும் டாக்டரிடம், ‘மாதவிலக்கு நின்ன பிறகு ரத்தம் படுது’ என்று அம்மா சொல்லத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள். ஸ்கேன், பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில் லேசாகத் தடவி எடுத்துப் பார்க்கும் சோதனை), டாக்டர் சொன்னால் சதை எடுத்துப் பரிசோதனை. எதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு வீட்டை விற்பது பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.