கேட்கப்படாத மூன்று நண்பர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் வரும் ஆகஸ்டில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேரவிருக்கிறாள். அங்குள்ள ஃபிரட்டர்னிட்டிகள் என்னும், தனி வீடுகள் கொண்ட ஆண் மாணவர் சங்கங்களைப் பற்றி விசாரித்தபோது, அத்தகைய ஒரு வீட்டு விருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதாக 2014இல் ரோலிங் ஸ்டோன் என்னும் அமெரிக்க இதழ் வெளியிட்டுப் பின்னர் திரும்பப் பெற்ற கட்டுரையைப் பற்றி அறிந்தேன். அவ்வளவு பெரிய பழி ஆதாரமில்லாதது என்று தெரிந்தபின், இத்தகைய செய்திகள் எதையும் நம்பக் கூடாது என்றே தோன்றுகிறது. நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை பாலியல் குற்றச்சாட்டுகளை ஊடகங்கள் வெளியிடவே கூடாது என்கிறார் என் கணவர். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பெண்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று எழுதிவரும் தாங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி, அமெரிக்கா

அன்புள்ள அம்மையீர்,

தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2014 நவம்பர் 19 அன்று அக்கட்டுரை வெளியானதும் ஃபை கப்பா சை என்னும் அந்த மாணவர் சங்கத்தின் வீட்டுச் சன்னல்கள் உடைக்கப்பட்டன; பல்கலைக்கழகத் தலைவர் தெரசா சல்லிவன் எல்லா ஃபிரட்டர்னிட்டிகளின் செயல்பாடுகளையும் ஜனவரி 9 வரை நிறுத்திவைத்தார். அடுத்த சில வாரங்களுக்குள் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் விசாரித்து எழுதிய செய்திகளில் கட்டுரையின் அடித்தளமே ஆட்டம்கண்டது. 2015 மார்ச்சில், பல்கலைக்கழகம் அமைந்துள்ள சார்லட்ஸ்வில் நகரின் காவல்துறை, கட்டுரை விவரித்த சம்பவத்துக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தது. அன்றிரவு அந்தப் பெண்ணுக்கு எதுவுமே நேரவில்லை என்று இதற்குப் பொருளாகாது என்றும் காவல்துறைத் தலைவர் சேர்த்துச் சொன்னார். அந்த இரண்டாம் வாக்கியத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

ஆனால் இதிலிருந்து தாங்கள் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. ரோலிங் ஸ்டோன் கேட்டுக்கொண்டதன் பேரில் கொலம்பியா இதழியல் கல்லூரி ஆராய்ந்து, 2015 ஏப்ரலில் வெளியிட்ட நீண்ட அறிக்கையைப் படித்தால், ஒரு பெண் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டது அந்த இதழின் தவறாக எனக்குப் படவில்லை. செய்தியாளர் சப்ரினா ரூபின் எர்ட்லி, அமெரிக்கக் கல்லூரிகளின் நிலையை ஒற்றைச் சம்பவத்தில் காட்டிவிடக்கூடிய ஒரு வழக்கைத் தேடிப் பல கல்லூரிகளை விசாரித்துக்கொண்டிருந்தார். முடிவு முதலில் தயாராகிவிட்டது. அதற்குப் பொருந்தும் கதை பின்னால் வந்தது. அப்படி வந்த கதையைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

அந்த இரவில் அப்பெண்ணைச் சந்தித்த மூன்று நண்பர்களைச் செய்தியாளர் ஒருமுறைகூடத் தொடர்புகொள்ளவில்லை. தங்கள் நற்பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி அவளைப் புகார் செய்யவிடாமல் தடுத்தவர்களாக அவர்கள் அச்சில் வந்தார்கள். பிறகு மற்றவர்கள் அவர்களைத் தேடிப்போய்க் கேட்டபோது, அப்படி ஓர் உரையாடல் நடக்கவே இல்லை என்றும், உதவிக்கு ஆளை அழைக்கத் தாங்கள் முன்வந்ததாகவும் சொன்னார்கள். ஃபிரட்டர்னிட்டிக்கோ, கூட்டு வன்புணர்வுக் குற்றச்சாட்டைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று பொதுப்படையான கேள்வி மட்டுமே போயிற்று. நாளைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால், 2012 செப்டம்பர் 28 அன்று தங்கள் வீட்டில் விருந்தே நடக்கவில்லை என்று அவர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். கட்டுரை அங்கேயே நின்றிருக்கும். பாதிக்கப்பட்டவளை மேலும் புண்படுத்தக் கூடாது என்ற கரிசனத்தால் கேள்விகளைத் தவிர்த்தோம் என்றது இதழ். அந்தக் கரிசனம்தான் அப்பெண்ணை நாடு முழுவதும் பொய்க்காரி என்று தூற்றக் காரணமானது. எவரும் கல்நெஞ்சத்தோடு செய்யாத இந்தச் செயலின் விளைவு இவ்வளவு கொடுமையாக அமைந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதே ஃபை கப்பா சை வீட்டில் 1984இல் ஒரு முதலாண்டு மாணவி வன்புணர்வுக்கு ஆளானாள். புகார் செய்தும் பலனில்லை. 21 ஆண்டுகள் கழித்து, 2005இல், மதுப்பழக்கத்திலிருந்து மீளும் முயற்சியின் பகுதியாக அந்தக் குற்றத்தைச் செய்தவனே மன்னிப்புக் கேட்டு அவளுக்குக் கடிதம் எழுதினான். அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கடிதமும் வாக்குமூலமும் உள்ள இந்த வழக்கு ரோலிங் ஸ்டோன் கட்டுரைக்குள்ளேயே ஓரிடத்தில் வந்துபோகிறது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்ட உண்மை ஓரத்தில் நிற்க, இன்னும் கோரமான, புதிய கதை ஒன்று நடுவில் அமர்த்தப்பட்டது.

ஃபிரட்டர்னிட்டி வீடுகளின் சிக்கலைப் புரிந்துகொள்ள அவ்வளவு கோரம் தேவையில்லை. அமெரிக்காவில் 21 வயதுக்கு உட்பட்டோருக்கு மது விற்கக் கூடாது. கல்லூரிக்கு வருபவர்களுக்கு வயது 18. பெண்களின் சங்கங்களான சொராரிட்டிகள் தங்கள் வீடுகளில் மது பரிமாறுவதில்லை என்ற விதியைக் கடைப்பிடிக்கின்றன. ஆகவே விருந்து என்றால் ஆண்களின் வீடு. வாசலில் யாரை உள்ளே விடுவது, கோப்பையில் எதைக் கலப்பது, மாடி அறைச் சாவி யாரிடம் இருப்பது ஆகிய மூன்றையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். கட்டுரை குலைந்தபிறகும், 2015 ஜனவரியில் அப்பல்கலைக்கழகம் ஃபிரட்டர்னிட்டிகளோடு செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தில், பியரைத் திறக்காத கேனிலேயே தர வேண்டும், கலந்துவைத்த பானம் கூடாது, விருந்தில் மூன்று உறுப்பினர்களேனும் குடிக்காமல் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் படுக்கையறைகளுக்குச் செல்லும் மாடிப்படியருகே நிற்க வேண்டும் என்ற விதிகள் சேர்ந்தன. அந்த மாடிப்படி விதி ஒன்றே அவ்வீடுகளைப் பற்றி ரோலிங் ஸ்டோன் கட்டுரையைவிட நம்பகமாகப் பேசுகிறது.

தீர்ப்பு வரும்வரை எழுதக் கூடாது என்னும் யோசனைக்கு வருகிறேன். மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழக மருத்துவர் லாரி நாசர் மீது 2014இல் ஒரு பட்டதாரிப் பெண் பாலியல் புகார் செய்தபோது, பல்கலைக்கழகம் விசாரித்து அவர் பக்கமே நின்றது. 2016 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழ் இரு பெண்களின் குற்றச்சாட்டை வெளியிட்டது. அப்போது அவர் மீது குற்றவியல் வழக்கு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. பெண்களின் கூற்றைச் சோதித்து, அவருடைய தரப்பு மறுப்பையும் சேர்த்தே அச்சிட்டார்கள். அதன்பின் 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பேசினார்கள். அந்த நாளிதழ் தங்கள் கணவர் சொல்வதுபோலக் காத்திருந்தால், எந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்திருக்கும்?

தவறாக எழுதியதற்கு ரோலிங் ஸ்டோனும் விலை கொடுத்தது. கட்டுரையில் கல்நெஞ்சராகச் சித்திரிக்கப்பட்ட பல்கலைக்கழக நிர்வாகி நிகோல் எராமோவுக்கு 30 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2016 நவம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. அவருடன் இதழ் பின்னர் சமரசம் செய்துகொண்டது. ஃபை கப்பா சை தொடர்ந்த வழக்கு 2017இல் 16.5 லட்சம் டாலரில் முடிந்தது. சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. அதற்காக எல்லா வாய்களையும் முன்கூட்டியே அடைக்க வேண்டியதில்லை.

மகள் புறப்படுவதற்கு முன் கொலம்பியா அறிக்கையை இருவரும் சேர்ந்து படியுங்கள். நள்ளிரவில் தோழி அழைத்ததும் மூன்று பேர் ஓடிவந்த இடத்தில் சற்று நிறுத்தி, அங்கே தான் இருந்தால் என்ன செய்வாள் என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலைத் தாங்கள் எனக்கு எழுதினால் மகிழ்வேன்.