சங்கத் தேர்தல் தகராறு: இடைக்காலத் தடையை யாரிடம் கேட்பது?

கேள்வி: தமிழ்நாட்டில் பதிவு பெற்ற எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில், உறுப்பினர் பலருக்கு அறிவிப்பே அனுப்பாமல் தேர்தல் நடத்தி, புதிய நிர்வாகக் குழு பொறுப்பேற்றுவிட்டது. மாவட்டப் பதிவாளரிடம் தடை கேட்டோம், பதில் இல்லை. அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?

பதில்: இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் 36-ஆம் பிரிவு சங்க நடவடிக்கைகளை விசாரிக்கும் அதிகாரத்தைப் பதிவாளருக்கு அளித்தாலும், தேர்தல் செல்லுமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதில் அடங்காது எனச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. தீர்மானிக்க இயலாதவர் தடை விதிக்கவும் இயலாது. நிர்வாகக் குழு மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 அவரது கோப்பில் ஏறிவிட்டதே என்றும் கலங்க வேண்டாம். அதனாலேயே தேர்தல் செல்லத்தக்கதாகிவிடாது.

நீங்கள் செல்ல வேண்டியது உரிமையியல் நீதிமன்றத்துக்கு. தேர்தல் செல்லாது என அறிவிக்கக் கோரும் வழக்குடன், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39, விதிகள் 1, 2-இன்கீழ் இடைக்கால மனுவையும் தாக்கல் செய்யுங்கள். வழக்கில் முகாந்திரம் உண்டா, தடை தந்தாலோ மறுத்தாலோ யாருக்கு அதிக இடர், பின்னால் ஈடுசெய்ய முடியாத இழப்பா என்ற மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும். எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கிடைத்தால், மனு, ஆவணங்களின் நகல்களை உடனே அவர்களுக்கு அனுப்பி, அப்படி அனுப்பியதை உறுதிசெய்யும் அபிடவிட்டை (பிரமாணப் பத்திரத்தை) அன்றோ மறுநாளோ தாக்கல் செய்வது கட்டாயம்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். குழு செயல்படவே கூடாது என்றால், காவலாளிக்குச் சம்பளமும் தண்ணீர் மோட்டாருக்கு மின்கட்டணமும் யார் தருவது என்று நீதிபதி கேட்பார். வைப்புத்தொகையை எடுக்கக் கூடாது, புதிய உறுப்பினரைச் சேர்க்கக் கூடாது, தீர்மானப் புத்தகத்தையும் அறிவிப்பு அனுப்பிய பதிவேட்டையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று குறுக்கிக் கேளுங்கள். வெறுமனே 'தற்போதைய நிலை நீடிக்கட்டும்' என்ற உத்தரவு, என் பார்வையில், கிடைக்காததைவிட மோசம். பொறுப்பில் இருப்பவர் அதைத் தமக்குச் சாதகமென்று வங்கியில் காட்டுவார்.

பதிவாளரிடமிருந்து பரிகாரம் எதுவும் கோராவிட்டால் அவரைப் பிரதிவாதியாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தேவைப்படும். அவசரமென்று நீதிமன்ற அனுமதியுடன் வழக்குத் தொடுத்தாலும், அவருக்கு வாய்ப்பளித்த பிறகே இடைக்கால உத்தரவு கிடைக்கும்.