லிவர் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை எதுக்கு நம்பலாம், எதுக்கு நம்பக்கூடாது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 44, சுகர் இருக்கு. அல்ட்ராசவுண்ட்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர்னு வந்துச்சு, எம்ஆர்ஐ எடுத்தா கொழுப்பு 9 சதவீதம்னாங்க. ஆறு மாசமா தினம் நடந்து, சோத்தைக் குறைச்சு 4 கிலோ இறக்கிட்டேன். இப்ப வேற சென்டர்ல எடுத்ததுல 11 சதவீதம்னு போட்டிருக்கு. பட்ட பாடெல்லாம் வீணா, இல்ல மெஷின் தப்பா? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ரெண்டும் இல்லைங்க, தயவுசெஞ்சு நடக்கறதை நிறுத்திடாதீங்க. 9ம் 11ம் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான். ஒரே ஆளை வேற வேற மெஷின்ல எடுத்தா நாலு பாயிண்ட் வரைக்கும்கூட மேல கீழ வரும், அதுக்குள்ள இருக்கற வித்தியாசத்தை வச்சு ஏறிடுச்சுன்னும் சொல்ல முடியாது, இறங்கிடுச்சுன்னும் சொல்ல முடியாது. மருந்து ஆராய்ச்சி பண்றவங்களே முதல்ல இருந்த கொழுப்புல 30 சதவீதமாவது குறைஞ்சாதான் பலன்னு எடுத்துக்கறாங்க, அதாவது 20 இருந்தது 14க்கு வரணும்.

ஆனா ஒண்ணு, கொழுப்பை அளக்கறதுல எம்ஆர்ஐ அளவுக்கு நம்பகமான வழி, ஊசி குத்தாம, வேற இல்லைன்னே சொல்வேன். தண்ணில இருக்கற ஹைட்ரஜனும் கொழுப்புல இருக்கற ஹைட்ரஜனும் காந்தத்துக்குள்ள ஒரே வேகத்துல சுத்தாது, 1.5 டெஸ்லா மெஷின்ல செகண்டுக்கு சுமார் 220 சுத்து முன்னப்பின்ன இருக்கும், அதைப் பிடிச்சுத்தான் எது தண்ணி எது கொழுப்புன்னு மெஷின் பிரிக்குது. இப்படிப் பிரிச்சு வர்ற கொழுப்பு சதவீதத்தைத்தான் ரிப்போர்ட்ல பிடிஎஃப்எஃப்னு போடுவாங்க, 5 சதவீதத்துக்கு மேல போனா ஃபேட்டி லிவர். அல்ட்ராசவுண்ட் கிரேடுங்கறது லிவர் எவ்வளவு வெள்ளையா தெரியுதுன்னு பாக்கறவங்க கண் மதிப்பு, அதனால அந்த கிரேடு 2ஐ இந்த 9ஓட சேத்து வச்சுக் குழம்பாதீங்க. பயாப்சில, அதாவது ஊசியால லிவர்ல ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கறதுல, வர்ற சதவீதமும் வேற கணக்கு, அங்க கொழுப்பு அடைஞ்ச செல் எத்தனைன்னு எண்ணுறாங்க.

அடுத்த தடவை பழைய சென்டர்லயே எடுங்க, ரிப்போர்ட்ல பிடிஎஃப்எஃப்னு இருக்கான்னு பாருங்க. முக்கியமா டாக்டர்கிட்ட லிவர்ல தழும்பு இருக்கான்னு கேளுங்க, ஏன்னா லிவரைக் கெடுக்கறது கடைசில கொழுப்பைவிட ஃபைப்ரோசிஸ்ங்கற இந்தத் தழும்புதான், அது லிவர் பூரா பரவற சிரோசிஸ் முத்துனவங்களுக்கு கொழுப்பு தானா குறைஞ்சு நம்பர் நல்லா இருக்கற மாதிரிகூட வரும்! சுகர் இருக்கறவங்க இதை விடவே கூடாது.

கேள்வி: எனக்கு எம்ஆர் எலாஸ்டோகிராஃபி எடுத்தாங்க, 3.4 கிலோபாஸ்கல்னு வந்திருக்கு. ஃபைப்ரோசிஸ் ஆரம்பிச்சிடுச்சாம், ராத்திரி தூக்கமே வரல. காலைல இட்லி சாப்பிட்டுத்தான் போனேன், யாரும் ஒண்ணும் சொல்லல. – ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, வெறும் வயித்துல திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்க, குறைஞ்சது நாலு மணி நேரம், ஆறுன்னா இன்னும் நல்லது. சாப்பிட்டதும் குடல்ல இருந்து லிவருக்கு ரத்தம் ஜாஸ்தியா வரும், அதுலயே லிவர் கொஞ்சம் விறைப்பா தெரியும். வலது விலா மேல தட்டையா ஒண்ணு கட்டினாங்கல்ல, அது செகண்டுக்கு 60 தடவை அதிரும், அந்த அதிர்வு அலை லிவருக்குள்ள எப்படி ஓடுதுன்னு படம் எடுக்கறாங்க, இறுகுன லிவர்ல அலை வேகமாப் போகும், அவ்வளவுதான் விஷயம். 1995ல சயன்ஸ் இதழ்ல இந்த முறையை வெளியிட்ட மேயோ கிளினிக் குழுவோட கட்டுரைல முதல் பேரே முத்துப்பிள்ளைன்னுதான் இருக்கும்.

கிலோபாஸ்கல்ங்கறது அந்த விறைப்போட அளவு, 2.5க்கு கீழ நார்மல், 5க்கு மேல போனா சிரோசிஸ்னு சந்தேகப்படணும், இந்த ரெண்டு முனையிலயும் இந்த டெஸ்ட் ரொம்ப உறுதியானது. நடுவுல இருக்கற 3.4 மாதிரி நம்பர்தான் தொல்லை. லிவர்ல வீக்கம் இருந்தாலும், ஹார்ட் ஃபெய்லியர்ல ரத்தம் தேங்கினாலும் அதே மாதிரி ஏறும், தழும்பா வீக்கமான்னு எம்ஆர்ஐ பிரிச்சுச் சொல்லாது. அதைத் தெளிவாப் பாக்கணும்னா இன்னைக்கும் பயாப்சிதான், அதுவும் மொத்த லிவர்ல ஐம்பதாயிரத்துல ஒரு பங்குதான் எடுக்குது, அதுலயும் தவறு வரும். திரும்ப எடுக்கறப்ப 19 சதவீதத்துக்கு மேல மாறினாதான் நிஜமான மாற்றம்னு எடுத்துக்கணும். இன்னைக்கு ராத்திரி தூங்குங்கம்மா.

கேள்வி: பையனுக்கு 11 வயசு, தலசீமியா, மாசாமாசம் ரத்தம் ஏத்தறோம். ஃபெரிட்டின் குறைஞ்சுதான் இருக்கு, அப்புறம் எதுக்கு டாக்டர் எம்ஆர்ஐ கேக்கறாங்க? செலவு தாங்கல. – ஒரு தாய், சேலம்

பதில்: செலவு கஷ்டம் புரியுதும்மா, ஆனா இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. ஏத்தற ரத்தத்தோட இரும்பும் உடம்புல சேந்துக்கிட்டே போகும். அதைப் பாக்கற ஃபெரிட்டின்ங்கற ரத்த டெஸ்ட் காய்ச்சல், இன்ஃபெக்ஷன் வந்தா ஏறிடும், இரும்பு நிறைய தேங்கியிருந்தும் குறைவா காட்டற பிள்ளைங்களும் உண்டு. இரும்பு இருக்கற இடத்துல எம்ஆர்ஐ சிக்னல் சீக்கிரமா மங்கிடும், எவ்வளவு சீக்கிரம்னு அளந்தா ஒரு கிராம் லிவர்ல எத்தனை மில்லிகிராம் இரும்புன்னு கணக்கு வந்துடும், பயாப்சியே வேண்டாம், படம் தெளிவா தெரியப் போடற கான்ட்ராஸ்ட் ஊசியும் வேண்டாம். 7க்கு மேல போனா மருந்தைக் கூட்டறதைப் பத்தி யோசிப்பாங்க, 15 தாண்டினா ஆபத்து. ஹார்ட்டுக்கும் சேத்து டி2 ஸ்டார், அதாவது அந்த சிக்னல் மங்கற நேரம், எடுக்கச் சொல்லுங்க, லிவர் சுத்தமா இருந்து ஹார்ட்ல இரும்பு தேங்கறது உண்டு, அங்க 20 மில்லிசெகண்டுக்கு கீழ வந்தா உடனே கவனிக்கணும்.

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி, சிரோசிஸ். எம்ஆர்ஐல 8 மில்லிமீட்டர் கட்டி, என்னன்னு சொல்ல முடியலன்னு எழுதியிருக்காங்க. வேற இடத்துல எடுக்கலாமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்ப வேண்டாம். ஒரு சென்டிமீட்டருக்கு கீழ இருக்கற கட்டியை கேன்சர்னோ இல்லைன்னோ உறுதியா சொல்ல யாராலயும் ஆகாது, அந்த ரேடியாலஜிஸ்ட் நேர்மையா எழுதியிருக்கார். அதைத் தாண்டி வளந்தா, கான்ட்ராஸ்ட் ஏறுறதும் வெளியேறுறதும் வச்சு சிரோசிஸ் இருக்கறவங்களுக்கு பயாப்சி இல்லாமலே லிவர் கேன்சரை உறுதி பண்ணிடலாம். மூணு, நாலு மாசத்துல திரும்ப ஸ்கேன், அந்த தேதியைத் தவற விடாதீங்க. அப்பாவை ஸ்கேனுக்கு முன்னாடி 15, 20 செகண்டு மூச்சைப் பிடிச்சுப் பழகச் சொல்லுங்க, மூச்சு அசைஞ்சா அவ்வளவு சின்ன கட்டி படத்துல கலைஞ்சு போயிடும். கிட்னி ப்ராப்ளம் இருந்தா கான்ட்ராஸ்ட் போடறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.