வாட்வெப் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: டெர்மினலில் வாட்வெப் ஓட்டினால் ஒரு வலைத்தளத்தின் பின்னால் என்னென்ன தொழில்நுட்பம் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது? வரும் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதலில் ஓட்ட வேண்டிய கருவி அதுதான்.

யாரோ கட்டிவைத்த தளங்களைப் பராமரிப்புக்கு எடுத்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் ஆவணம் என்று ஒன்றும் கைக்கு வராது. பழைய டெவலப்பரும் ஃபோனை எடுக்க மாட்டார். செர்வர் பாஸ்வேர்ட் கிடைப்பதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு கணிப்பு வேண்டும். அதற்கு வாட்வெப் போதும், அது எதைப் பார்த்துப் பேசுகிறது என்பது தெரிந்தால்.

இது ரூபி மொழியில் எழுதப்பட்டது. தொடங்கியவர் ஆண்ட்ரூ ஹார்ட்டன். பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸ் வைத்திருந்தால் ஏற்கெனவே உள்ளே இருக்கும். டெபியன், உபுண்டுவில் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கட்டளை) மூலம் போட்டுக்கொள்ளலாம். வாட்வெப் என்று அடித்து, இடைவெளி விட்டு, தளத்தின் முகவரியைக் கொடுத்தால் சரி. அது சாதாரண பிரவுசர் போலவே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கும். வந்த ஹெடர்கள் (பக்கத்தோடு செர்வர் அனுப்பும் குறிப்பு வரிகள்), குக்கிகள் (பிரவுசரில் சேமிக்கச் சொல்லும் சிறு தகவல்கள்), எச்டிஎம்எல் மூன்றையும் தன்னிடம் இருக்கும் 1800க்கும் மேற்பட்ட ப்ளகின்களோடு (ஒவ்வொன்றும் ஒரு தொழில்நுட்பத்தை அடையாளம் காணும் சிறு நிரல்) ஒப்பிட்டு, பொருந்தியதையெல்லாம் ஒரே வரியில் கொட்டிவிடும். செர்வருக்குள் எதுவும் புகுந்து பார்ப்பதில்லை. தளம் தன்னைப் பற்றி வெளியே உளறுவதைத்தான் அது தொகுத்துத் தருகிறது.

ஒரு மாதிரி வரியை எடுத்துக்கொள்வோம். அப்பாச்சி 2.4.41 (உபுண்டு), பிஎச்பி 7.4.3, வேர்டுபிரஸ் 5.8, ஜேகுவெரி 1.12.4 என்று வருகிறது. வரிசையாக செர்வர் மென்பொருள், நிரல்மொழி, தளத்தைக் கட்டிய மென்பொருள், ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். புதிதாகப் பார்ப்பவர் இதில் நான்கு பெயர்களைப் பார்ப்பார், அவ்வளவுதான். கொஞ்சம் நின்று பார்த்தால் இன்னும் இரண்டு விஷயம் கிடைக்கும்.

முதலாவது, அப்பாச்சி 2.4.41, பிஎச்பி 7.4.3 இரண்டும் உபுண்டு 20.04 தன்னோடு கொண்டுவந்த வெர்ஷன்கள். ஆக இயங்குதளம் எது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அதன் வழக்கமான ஐந்தாண்டு ஆதரவு 2025இல் முடிந்தது. வாடிக்கையாளரிடம் முதலில் பேச வேண்டிய விஷயம் இதுதான், வேர்டுபிரஸ் அப்புறம்.

இரண்டாவது, வேர்டுபிரஸ் 5.6 வந்தபோதே அதனோடு வரும் ஜேகுவெரி 3.5.1க்கு மாறிவிட்டது. 1.12.4 அதற்கு முந்தைய காலத்துச் சரக்கு. 5.8 ஓடும் தளத்தில் 1.12.4 தெரிகிறது என்றால், தளத்தின் தீமோ (தோற்ற வடிவமைப்பு) ஏதாவது ஒரு வேர்டுபிரஸ் ப்ளகினோ தன் சொந்தப் பழைய பிரதியை இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அல்லது வேர்டுபிரஸ் எண் பொய்யாக இருக்க வேண்டும். எந்த ஃபைலிலிருந்து அது வருகிறது என்று பக்கத்தின் சோர்ஸைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். என் அனுபவத்தில் இப்படி ஒத்துவராத எண்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்பட்டிருக்கின்றன.

வெர்ஷன் பழையது என்றவுடன் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். டெபியனும் உபுண்டுவும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய வெர்ஷனுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்ப்பார்கள். வெளியே 2.4.41 என்று அதே எண்தான் தெரியும், உள்ளே திருத்தம் போட்டிருக்கலாம். செர்வருக்குள் போய்ப் பேக்கேஜின் முழு எண்ணைப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. ஸ்கேனர் கக்கிய எண்ணை ஓட்டைப் பட்டியலோடு ஒட்டவைத்து இருபது பக்க அறிக்கை தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். படிக்கவே எரிச்சலாக இருக்கும்.

வெர்போஸ் ஆப்ஷனைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். கோடு போட்டு சின்ன வி. ஒவ்வொரு ப்ளகினும் எதைப் பிடித்தது என்று பிரித்துக் காட்டும், கடைசியில் செர்வர் அனுப்பிய ஹெடர்களையும் அப்படியே தரும். ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் அதன் மதிப்பு. செர்வர் ஹெடரில் இருப்பது வெறும் எழுத்து, நிர்வாகி நினைத்தால் என்ன வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். தளம் எதில் கட்டியது என்று எச்டிஎம்எல்லில் சொல்லும் ஜெனரேட்டர் மெட்டா டேக்கும் அப்படித்தான். குக்கியின் பெயரை மாற்ற மெனக்கெடுபவர்கள் குறைவு. அதனால் ஜேசெஷன்ஐடி என்று இருந்தால் ஜாவா, லாராவெல்_செஷன் என்றால் லாராவெல் (ஒரு பிஎச்பி கட்டமைப்பு) என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். டபிள்யூபி-கன்டென்ட் என்ற பாதையில் படங்களும் ஸ்டைல்களும் வந்தால் அது வேர்டுபிரஸ்தான், மெட்டா டேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஹெடரை நேரில் படிப்பதில் வேறொரு சுவையும் உண்டு. பக்கம் எப்போது காலாவதியாகும் என்று சொல்லும் எக்ஸ்பயர்ஸ் ஹெடரில் 1978 நவம்பர் 19 என்ற தேதி இருந்தால் அது ட்ரூபல் (வேர்டுபிரஸ் போன்ற இன்னொரு மென்பொருள்). அதை உருவாக்கிய ட்ரீஸ் பய்டார்ட்டின் பிறந்தநாள். அதே நவம்பர் 19, ஆனால் 1981 என்று இருந்தால் பிஎச்பியின் செஷன் வசதி அனுப்புவது. எக்ஸ்-பவர்ட்-பை ஹெடரை எடுத்துவிட்டு, பிஎச்பி ஓடுவதை மறைத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் தளங்களில் இந்தத் தேதி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இனி வாட்வெப் ஏமாறும் இடங்கள். பெரிய தளங்கள் கிளவுட்ஃபிளேர் போன்ற, பார்வையாளருக்கும் செர்வருக்கும் நடுவே நிற்கும் ஒரு சேவைக்குப் பின்னால் இருக்கும். அப்போது செர்வர், ஐபி, நாடு எல்லாமே அந்த இடைத்தரகருடையவை. குறிப்பாக நாடு என்ற விவரத்தை நான் பார்ப்பதே இல்லை. அடுத்து, வாட்வெப் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் கட்டிய தளத்திலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் காலியான ஒரு டிவ்வும் (எச்டிஎம்எல் பெட்டி) இரண்டு ஸ்கிரிப்ட் ஃபைலும்தான். அதைப் பார்த்து 'எச்டிஎம்எல்5, ஸ்கிரிப்ட்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். இந்த மாதிரித் தளத்துக்கு இதே வேலையைச் செய்யும் வாப்பலைசர் பிரவுசர் எக்ஸ்டென்ஷனே மேல், பக்கம் முழுதும் ஓடிய பிறகு பார்ப்பதால். அதன் மூலநிரல் 2023இல் பொதுவெளியிலிருந்து போய்விட்டது, ஆனால் எக்ஸ்டென்ஷன் வேலை செய்கிறது.

மூன்றாவதாக ஒன்று, பலரும் கவனிக்காதது. வாட்வெப் தன் பெயரையே யூசர் ஏஜென்ட்டாக (பக்கத்தைக் கேட்பது எந்த மென்பொருள் என்ற குறிப்பு) சொல்லிக்கொண்டு போகும். சில ஃபயர்வால்கள் அதைப் பார்த்ததுமே 403 (அனுமதி இல்லை) என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அப்போது நீங்கள் படிப்பது தளத்தைப் பற்றிய தகவல் அல்ல, ஃபயர்வாலின் மறுப்புப் பக்கத்தைப் பற்றிய தகவல். அதனால் வரியின் தொடக்கத்தில் 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள். 301, 302 (வேறு முகவரிக்குத் திருப்பும் ரீடைரக்ட்) என்று வந்தால் அது தானாகவே அடுத்த முகவரிக்குப் போய் அதற்கும் தனி வரி தரும். உங்களுக்கு வேண்டியது கடைசி வரி. யூசர் ஏஜென்ட்டை மாற்றும் ஆப்ஷன் இருக்கிறது, ஆனால் உங்கள் பொறுப்பில் உள்ள தளம் என்றால் ஃபயர்வாலில் உங்கள் ஐபியை அனுமதிப்பதுதான் முறை.

எவ்வளவு ஆழமாகத் துருவ வேண்டும் என்று வாட்வெப்புக்குச் சொல்லும் தீவிர நிலைகள் பற்றியும் கேட்பீர்கள். 1, 3, 4 என மூன்று உண்டு (2 எங்கே போனது என்று என்னைக் கேட்காதீர்கள்). எதுவும் சொல்லாவிட்டால் 1. ரீடைரக்டுகளை விட்டால் தளத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. யாரும் பிரவுசரில் திறந்து பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 3 கொடுத்தால், ஏற்கெனவே பொருந்திய ப்ளகின்கள் கூடுதலாகச் சில ஃபைல்களைக் கேட்டுப் பார்க்கும். அந்த ஃபைலின் எம்டி5 எண்ணை (ஃபைலின் கைரேகை போன்றது) ஒவ்வொரு வெர்ஷனின் எண்ணோடும் ஒப்பிட்டு, மறைத்து வைத்த வெர்ஷனைக்கூடச் சில சமயம் பிடித்துவிடும். 4 என்பது எல்லா ப்ளகினும் எல்லாவற்றையும் கேட்பது. செர்வரின் லாக்கில் 404 (ஃபைல் இல்லை) வரிசையாக ஓடும். 3, 4 இரண்டையும் உங்கள் தளத்திலோ எழுத்தில் அனுமதி பெற்ற தளத்திலோ மட்டும் ஓட்டுங்கள். சும்மா பார்த்தேன் என்பது அந்தப் பக்கம் லாக்கைப் பார்ப்பவரிடம் எடுபடாது.

உங்கள் சொந்தத் தளம் இவ்வளவு உளற வேண்டாம் என்று தோன்றினால், அப்பாச்சியில் செர்வர்டோக்கன்ஸ் என்பதை ப்ராட் என்று வையுங்கள், என்ஜின்எக்ஸில் (இன்னொரு செர்வர் மென்பொருள்) செர்வர்_டோக்கன்ஸ் ஆஃப், பிஎச்பியில் எக்ஸ்போஸ்_பிஎச்பி ஆஃப். ஐந்து நிமிட வேலை. இதனால் ஓட்டை எதுவும் அடைபடாது, குறிப்பிட்ட வெர்ஷனைத் தேடி அலையும் தானியங்கி நிரல்களின் (பாட்) பட்டியலில் முன்வரிசையில் நிற்காமல் இருக்கலாம், அவ்வளவே.

நிறையத் தளங்கள் கையில் இருந்தால் முகவரிகளை ஒரு ஃபைலில் போட்டு அதையே உள்ளீடாகக் கொடுங்கள், முடிவை ஜேசன் (நிரல்கள் எளிதில் படிக்கும் வடிவம்) ஆகச் சேமியுங்கள். வாரம் ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடவிட்டு, முந்தைய வாரத்து ஃபைலோடு டிஃப் (வேறுபாட்டைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்க்கிறேன் நான். யாரிடமும் சொல்லாமல் யாரோ பிஎச்பியை மாற்றியதும், புதிதாக ஒரு டிராக்கிங் ஸ்கிரிப்ட் முளைத்ததும் எனக்கு இந்த டிஃப்பில்தான் தெரியவருகிறது.