கூச்சப்படும் பிள்ளையைக் கராத்தே வகுப்புக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறரை வயது, தரம் 2இல் படிக்கிறான். வீட்டில் ஓயாமல் கதைப்பான். வகுப்பில் ரீச்சர் கேட்டால், பதில் தெரிந்தாலும் வாய் திறக்கப் பயம். பென்சில், தண்ணீர்ப் போத்தல் என்று நாளுக்கொன்றைத் தொலைத்துவிட்டு வருகிறான். பக்கத்தில் பின்னேரங்களில் கராத்தே வகுப்பு நடக்கிறது. அனுப்பினால் தைரியமும் பொறுப்பும் வருமா? "அடிபிடி பழகிக்கொண்டுதான் வருவான்" என்கிறார் கணவர். - ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: அனுப்புங்கள், வயது சரிதான். ஆனால் வகுப்பால் ஆவது பாதிதான். இதுவரை அவனுக்காக நீங்கள் செய்துவந்த சில வேலைகளை அவன் கையில் விட்டுவிடுவது மற்றப் பாதி. அதைச் செய்யாவிட்டால் ஒரு வருடம் போனாலும் பெல்ட்டின் நிறம் மட்டும்தான் மாறும்.

முதலில் கணவரின் கவலை. கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்தவர் ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த இதோசு அன்கோ. 1900களின் தொடக்கத்தில், மாணவர்கள் பழகக்கூடிய விதமாகப் பினான் என்ற ஐந்து கதாக்களை, அதாவது தனியே நின்று வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர்களை, அவர் அமைத்தார். ஷோட்டோகான் என்ற கராத்தே முறையின் வகுப்புகளில் ஹெயான் என்று இன்று பழக்கப்படுபவை அவைதான். முதலாவதான ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள், தொடங்குவதே ஒரு தடுப்போடு. கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பதை ஷோட்டோகானைத் தொடங்கிய ஃபுனகோஷி கிச்சின் விதியாகவே எழுதிவைத்தார். என்றாலும், தொடங்கிய புதிதில் தம்பி தங்கையை உதைத்துப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வீட்டில் உதையும் குத்தும் காற்றில் மட்டும், ஆள் மேல் படக்கூடாது. பள்ளிக்கூடத்தில் யாராவது சீண்டினால் என்ன செய்வது என்பதையும் வரிசையாகப் பழக்குங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து ஓரடி பின்னுக்கு எடுப்பது, "வேண்டாம்" என்று பலமாகச் சொல்வது, ரீச்சரிடம் போவது. இதை வாரம் ஒருதடவையாவது வீட்டில் நடித்துப் பாருங்கள். சொல்லி மட்டும் விட்டால் தேவையான நேரத்தில் நினைவுக்கு வராது.

கூச்சத்துக்குக் கராத்தே எப்படி உதவுகிறது என்று பார்ப்போம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்குச் சிக்கலே, தன் சொந்தச் சொல்லை எல்லோர் முன்னிலையிலும் வைப்பதுதான். கராத்தேயில் சொல்ல வேண்டிய சொல் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது: இச்சி, நி, சான் என்று பத்துவரை எண்ணுவது, குத்தின் முடிவில் கியாய் என்ற சத்தம். பிழையான பதில் சொல்லிவிடுவோமோ என்ற பயத்துக்கு அங்கே இடமில்லை. முதலில் கூட்டத்தோடு சேர்ந்து கத்துவான், பிறகு இரண்டு மூன்று பேரோடு, பின்னர் ஒருநாள் முன்னுக்கு நின்று முழு வகுப்புக்கும் எண்ணுவான். இந்த ஒழுங்கு முக்கியம். முதல் வாரமே தனியே கத்தச் சொல்லி, சத்தம் வரவில்லையென்று மற்றப் பிள்ளைகள் முன் நிறுத்திவைத்தால் கூச்சம் இன்னும் இறுகும். மாஸ்டரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பொறுப்புக்கு வருவோம். வகுப்புப் பைக்குள் நான்கு பொருட்கள்: உடுப்பு, பெல்ட், தண்ணீர்ப் போத்தல், சிறு துவாய். நான்கையும் படமாக வரைந்து கதவடியில் ஒட்டுங்கள். வகுப்புக்கு முந்தின நாள் இரவு அவனே அடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கை வைக்காதீர்கள். இரண்டு வாரம் போக, பக்கத்தில் நிற்பதையும் விடுங்கள். பெல்ட்டை மறந்துபோனால் அதை எடுத்துக்கொண்டு ஓடவேண்டாம். இப்படிப் பழக்குகிறோம் என்று மாஸ்டருக்கு முதலே தெரிந்திருந்தால், பிள்ளையை அவமானப்படுத்தாமல் பெல்ட் இல்லாமலே பழக விடுவார். அந்த ஒருநாள் சங்கடம் நூறு ஏச்சை விட நன்றாக வேலை செய்யும். ஒரு மாதத்துக்குப் பிறகு பள்ளிக்கூடப் பைக்கும் இதே முறை. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டும் குழம்பும்.

பெல்ட் கட்டுவதையும் அவனிடமே விடுங்கள். ஆறு வயதுக் கைக்குச் சில வாரங்கள் எடுக்கும். பெல்ட்டின் நடுவைத் தொப்புளில் வைத்து, நுனிகளை முதுகில் மாற்றி முன்னுக்குக் கொண்டுவந்து, இரண்டும் ஒரே நீளமா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை மற்றதன் மேலாகப் போட்டு, இரண்டு சுற்றுக்கும் அடியால் நுழைத்து மேலே இழுக்க வேண்டும். பிறகு இரு நுனிகளையும் ஒரு முடிச்சாக இறுக்குவது. நுனிகள் இரு பக்கமும் விரிந்து நின்றால் சரி. ஒன்று மேலே ஒன்று கீழே என்று நின்றால் கடைசி முடிச்சு மறுபக்கமாக விழுந்துவிட்டது. எதிரே நின்று காட்டினால் இடம் வலம் மாறிவிடும். பக்கத்தில் நின்று உங்கள் இடுப்பில் ஒரு சால்வையைக் கட்டிக் காட்டுங்கள்.

வகுப்பைத் தெரிவுசெய்ய, பிள்ளையைச் சேர்க்காமல் இரண்டு வகுப்பை முழுதாக இருந்து பாருங்கள். பெற்றோர் இருந்து பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடத்துக்கு அனுப்பவே வேண்டாம். மாஸ்டர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? பிழை விட்ட பிள்ளையிடம் எப்படி நடக்கிறார்? சின்னவர்கள் பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். இல்லாவிட்டால் பாதி நேரம் வரிசையில் நின்றே போய்விடும். இந்த வயதுக்கு வாரம் இரண்டு நாள், 45 நிமிடம் தாராளம். சீமெந்துத் தரையில் கை முட்டியால் தண்டால், ஓடு உடைப்பது, தலையில் படும் சண்டை இவை எதுவும் வேண்டாம். எலும்பின் வளரும் நுனிகள் இன்னும் மென்மையாக இருக்கும் வயது இது. ஒரு வருடத்தில் கறுப்புப் பெல்ட் தருவோம் என்றால் அது வியாபாரம்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஐந்து மணிக்கும் மண்டபம் தகிக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருதடவை தண்ணீர் குடிக்க விடுகிறார்களா என்று பாருங்கள். மாரியில் வகுப்புகள் அடிக்கடி தடைப்படும். அந்த நாட்களில் அதே நேரத்துக்கு வீட்டில் பத்து நிமிடம் பழகினால் போதும், பழக்கம் அறாது.

பெரும்பாலான பிள்ளைகள் "இனிப் போகமாட்டன்" என்று சொல்வது இரண்டாம், மூன்றாம் மாதத்தில். புதுமை போய், அதே குத்தையும் அதே தடுப்பையும் திரும்பத் திரும்பச் செய்யும் காலம் அது. அடுத்த பெல்ட் பரீட்சைவரை போவோம், பிறகு நீயே முடிவு சொல் என்று தொடக்கத்திலேயே பேசிவைத்திருங்கள். வழமையாக மூன்று நான்கு மாதத்தில் அது வரும். "படிக்காவிட்டால் கராத்தேயை நிப்பாட்டுவன்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். தைரியம் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரே இடத்தைத் தண்டனையாக்கிவிடுவீர்கள். பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "போன கிழமை பின்னங்கால் மடங்கினது, இண்டைக்கு நேராய் நிண்டது" என்று கண்டதைச் சொல்லுங்கள். எதைச் செய்ததால் முன்னேறினான் என்று அவனுக்கே விளங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் நன்றாகக் கதைக்கும் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ரீச்சரிடமும் இல்லை, கூட்டாளிகளிடமும் இல்லை என்று ஒரு சொல்லும் பேசாமல் மாதக்கணக்கில் இருந்தால் அது வெறும் கூச்சமாக இருக்காது. அப்படியென்றால் கராத்தே பலன் தரட்டும் என்று காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்புக்கும் அனுப்பலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை.