காவல் நிலையக் கேமராக்களைக் கேட்கும் பொறுப்பு மேயருக்கு உண்டா?

தென் மாவட்டத்து மாநகராட்சிப் பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் இருக்கும் கண்காணிப்புக் கேமராக்கள் பதிவு செய்கின்றனவா என்று மாமன்றக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கேட்டபோது, காவல் துறை மாநில அரசின் கீழ் வருவதால் உள்ளாட்சிக்கு அதில் வேலையில்லை என்று பதில் வந்ததாம். அது சரியா, மாநகராட்சிப் பணத்தில் தெருக்களில் வைத்த கேமராக்களுக்காவது கணக்குக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

காவல் துறை மாநில அரசின் கீழ் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் காவல் நிலையக் கேமராக்களைப் பொறுத்தவரை அந்தப் பதில் சரியாகாது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாவட்டந்தோறும் ஒரு கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் ஆகியோரோடு மாவட்டத்திலுள்ள ஒரு மேயரும், ஊரகப் பகுதி என்றால் மாவட்ட ஊராட்சித் தலைவரும் இடம்பெற வேண்டும். கேமராக்களின் பராமரிப்பை மேற்பார்வையிடுவதும், நிலையப் பொறுப்பு அதிகாரியிடம் அவற்றின் நிலையைக் கேட்டறிவதும், மாநிலக் குழுவுக்கு மாதந்தோறும் அறிக்கை அனுப்புவதும், வெளியே வராத மனித உரிமை மீறல் ஏதேனும் நடந்திருக்கிறதா என்று பதிவுகளைப் பார்வையிடுவதும் அந்தக் குழுவின் கடமைகள். ஆகவே உங்கள் உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் மேயரிடமே, அந்தக் குழுவில் நீங்கள் இருக்கிறீர்களா, கடைசியாக எப்போது கூடினீர்கள் என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, புதிய தேர்தல் அப்போது நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டிய இடம் அப்படி வெறுமையாவதைச் சிறிய விஷயமாக என்னால் கருத முடியவில்லை.

கேமரா இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்த வழக்கில், விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டது இதைத்தான்: நிலையத்தில் கேமராக்கள் இருந்தன, ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் கொள்ளளவும் இருந்தது, ஆனால் அன்றன்றைய பதிவுகள் தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். கருவி வாங்கிய செலவுக் கணக்கைத் தணிக்கை செய்பவர் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் இது அவர் கண்ணில் படாது. பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்கும் கருவிகளையே வாங்க வேண்டும், அது கிடைக்காத நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்று மேற்சொன்ன தீர்ப்பு வரையறுத்திருக்கிறது. லாக்கப், தாழ்வாரம், வரவேற்பு இடம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் ஆகிய இடங்களில் கேமரா இருக்க வேண்டும், படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும் என்றும் அது சொல்கிறது.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்யுங்கள். பதிவுக் காட்சியையே கேட்டால், புலன்விசாரணைக்கு இடையூறு என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம் என்பதால், ஆவணங்களைக் கேளுங்கள்: மாவட்டக் குழு அமைத்த ஆணை, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், கடந்த ஓராண்டின் மாதாந்திர அறிக்கைகள், பழுதுப் பதிவேடு, பராமரிப்பு ஒப்பந்தம், இன்றைய தேதியில் கருவியில் இருக்கும் மிகப் பழைய பதிவின் நாள். கடைசிக் கேள்வி சிறியதுதான், ஆனால் அதற்கு நேர்மையான பதில் வந்தால் மற்றவை பெரும்பாலும் விளங்கிவிடும். மனுவை ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கும் தனித்தனியே அனுப்புவது நல்லது. 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

தெருக் கேமராக்களைப் பொறுத்தவரை, பணம் மாநகராட்சியுடையது என்றால் கணக்கும் மாநகராட்சியுடையதே. கண்காணிப்புத் திரை காவல் நிலையத்தில் இருப்பதால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. மாமன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை ஆகியவற்றையும், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் ஆட்சேபங்களையும் மாநகராட்சியிடமே கேட்கலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ நன்கொடையிலோ வைத்தவை என்றால் ஒப்படைப்பு ஆவணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பது அதில்தான் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த யாரேனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டிருந்தால், தகவல் மனுவின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்குப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லும் உரிமையை அதே தீர்ப்பு தருகிறது. நாள், நேரம், நிலையத்தின் பெயர் குறிப்பிட்டு மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் அன்றைக்கே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.