தீக்குப் பின் மலையில் முளைக்கும் பச்சை

கேள்வி: 2021 ஏப்ரலில் டேபிள் மலைச் சரிவில் பரவிய தீயை நேரில் கண்டவள் நான். கருகிய இடம் மறுபடி பச்சை பிடித்தபோது மனம் குளிர்ந்தது. ஆனால், தன்னார்வலர்கள் சிலர் அங்கே முளைத்த இளஞ்செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். இது பாவமில்லையா? மரக்கன்றுகளை நட்டுத் தண்ணீர் ஊற்றலாமே? (வாசகி, ரைலண்ட்ஸ், கேப் டவுன்)

பதில்: தங்கள் வருத்தம் நியாயமானதுதான், அம்மா. ஆயினும் பிடுங்கியவர்கள் அந்த மலைக்கு நன்மையே செய்தார்கள் என்று நம்புகிறேன்.

ஃபைன்போஸ் எனப்படும் அந்தப் புதர்க்காடு ஏறத்தாழ 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்து புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. அங்கு வளரும் கிங் புரோட்டியா என்னும் பூச்செடி மண்ணுக்கடியிலுள்ள தடித்த அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. சுகர்புஷ் புரோட்டியா தீயில் மடிந்தாலும், பல ஆண்டுகள் மூடிக்கிடந்த அதன் பூத்தலைகள் விரிந்து விதைகளைச் சாம்பல்மேல் உதிர்க்கின்றன. பின்குஷன் செடியின் விதைகளையோ எறும்புகள் முன்பே புற்றுக்குள் இழுத்துச் சென்று பாதுகாத்திருக்கின்றன. பல செடிகளின் விதைகளைப் புகையே எழுப்பிவிடும் என்பதை 1990 முதல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால், செடிகள் விதை தரும் வயதை எட்டுமுன் அடுத்த தீ வந்துவிட்டால் இந்த ஏற்பாடு முறிந்துபோகும்.

தன்னார்வலர்கள் பிடுங்கியது இந்த நாட்டுச் செடிகளை அல்ல, போர்ட் ஜாக்சன் நாற்றுகளை. போர்ட் ஜாக்சன் நம் வேலமரத்துக்கு உறவான ஆஸ்திரேலிய மரம். தாங்கள் வசிக்கும் கேப் ஃபிளாட்ஸ் சமவெளியின் பறக்கும் மணலை நிறுத்துவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும் அதன் விதைகள், தீயின் சூட்டில் மேல்தோல் வெடித்து ஒரே நேரத்தில் முளைக்கின்றன. வேர்முடிச்சுகளால் மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்து, சத்துக் குறைந்த மண்ணுக்கே பழகிய நாட்டுச் செடிகளின் இடத்தைக் கெடுக்கிறது. தமிழ்நாட்டில் சீமைக் கருவேலத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வளர்ந்தபின் வெட்டினால் அடிமரம் மறுபடி துளிர்க்கும். ஆகவே கையால் பிடுங்க வரும் இளம் பருவமே தக்க தருணம்.

என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது வறட்சி. குளிர்கால மழையில் முளைத்த நாற்றுகள், வேர் ஆழம் போகுமுன்பே முதல் கோடையைத் தாண்டியாக வேண்டும். கேப் பாயின்ட் பகுதியில் அதே நிலத்துண்டுகளை 1966, 1996, 2010 ஆகிய ஆண்டுகளில் கணக்கெடுத்தபோது, தீக்குப் பிந்தைய முதல் கோடையில் மழையற்ற வெப்ப நாட்கள் தொடர்ந்து நீண்ட இடங்களில் செடிவகைகள் குறைந்தது தெரியவந்தது. அயல்மரங்கள் முன்பு அடர்ந்திருந்த இடங்களோ, அவற்றை அகற்றிய பிறகும் முழுமையாக மீளவில்லை.

எனவே, கன்று நடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். அந்த மண்ணுக்குரிய விதைகள் மண்ணிலேயே இருக்கின்றன. பாதையை விட்டு விலகிச் சாம்பலில் நடந்தால் அந்த நாற்றுகள் மிதிபடும். தன்னார்வலர்களுடன் தாங்களும் சேருங்கள். போர்ட் ஜாக்சன் நாற்றின் முதல் இலைகள் புளியிலையைப் போலச் சிறு சிறு இலைகளாய்ப் பிரிந்திருக்கும், பின்னர் நீண்டு தட்டையாகும். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், அதை அடையாளம் உறுதிசெய்தபின், வேர் அறாமல் மெல்ல இழுத்தெடுங்கள்.